டாக்டர் கேட்டது அம்மாயியை... பதில் சொன்னது நான்!

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போனால் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. தடுக்கி விழுந்தால் கிளினிக், எழுந்து நடந்தால் ஸ்கேன் சென்டர். ஆத்தூர், மேட்டூர், ராசிபுரம், நாமக்கல் என்று நாலா பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள். கையில் எக்ஸ்ரே கவர், துணிப்பையில் பழைய மருந்துச் சீட்டுகள், கூடவே டோக்கன் நம்பரை விட்டுக் கண்ணை எடுக்காத ஒரு துணை ஆள்.

அப்படி ஒரு துணை ஆளாகத்தான் நானும் ஓமலூர் பக்கத்திலிருந்து அம்மாயியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். இரண்டு மணி நேரம் காத்திருந்து உள்ளே போனோம். "என்னம்மா பண்ணுது?" என்று டாக்டர் அம்மாயியைப் பார்த்துத்தான் கேட்டார். "மூட்டு வலி டாக்டர், மூணு மாசமா இருக்கு. பிபி மாத்திரை சாப்பிடறாங்க. சுகர் இல்ல" என்று நான் கடகடவென ஒப்பித்தேன். வலிக்கு மாத்திரை, தடவ ஒரு மருந்து. ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். வேலை சுருக்கமாக முடிந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ஆட்டோ ஐந்து ரோட்டைத் தாண்டும்போது அம்மாயி மெதுவாகச் சொன்னார். "நான் சொல்ல வந்தது வேற கண்ணு."

ராத்திரி பாத்ரூம் போக எழுந்தால் தலை கிறுகிறுக்கிறதாம். இரண்டு முறை சுவரைப் பிடித்து நின்றிருக்கிறார். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். மூட்டு வலி எப்போதும் இருப்பதுதான், அதற்காக அவர் வரவே இல்லை. "அங்கியே சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். "நீதான் பேசிட்டு இருந்தியே" என்றார். அதில் கோபம் இல்லை. அதுதான் சுருக்கென்றது.

18 விநாடி

அம்மாயிக்கு நடந்தது புதிதல்ல. 1984-ல் ஹோவர்ட் பெக்மன், ரிச்சர்ட் ஃபிராங்கல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 74 மருத்துவ ஆலோசனைகளைப் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். நோயாளி பேச ஆரம்பித்ததிலிருந்து சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கே புகுந்திருந்தார். சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லி முடித்தவர்கள் நூற்றுக்கு 23 பேர்தான்.

பேச விட்டால் நிறுத்தவே மாட்டார்களே என்ற பயம் நியாயமானதுதான். அதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஸ்விட்சர்லாந்தின் பாசெல் பல்கலைக்கழக மருத்துவமனையில் 335 நோயாளிகளைக் குறுக்கிடாமல் பேச விட்டு, அவர்களுக்குத் தெரியாமல் நேரத்தைக் கணக்கிட்டார்கள். 2002-ல் வெளியான அந்த ஆய்வின்படி, அவர்கள் பேசியது சராசரியாக 92 விநாடி. 78 சதவிகிதம் பேர் இரண்டு நிமிடத்துக்குள் தாங்களாகவே முடித்துவிட்டார்கள்.

நம் ஊர் டாக்டர்களையும் சும்மா குறை சொல்ல முடியாது. பல நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு நோயாளிக்கு முதல்நிலை மருத்துவர் ஒதுக்கும் நேரம் ஸ்வீடனில் 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 விநாடி. இந்தியாவில் ஏறத்தாழ இரண்டு நிமிடம். வெளியே அறுபது டோக்கன் காத்திருக்கும்போது அவரும்தான் என்ன செய்வார்? 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் நோயாளியிடம் பேசுவதும் கேட்பதும் தனிப் பயிற்சியாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால், அந்த இரண்டு நிமிடத்தையும் துணைக்குப் போன பேரன் பேத்தியே எடுத்துக்கொண்டால் டாக்டர் யாரைக் கேட்பார்?

உம் கொட்டுவது மட்டும் போதாது

இதற்கு 'ஆக்டிவ் லிசனிங்' என்று பெயர் வைத்து 1957-லேயே எழுதியவர்கள் கார்ல் ரோஜர்ஸ், ரிச்சர்ட் ஃபார்சன் என்ற உளவியலாளர்கள். அவர்கள் எழுதியது வீட்டுச் சண்டைக்காக அல்ல, வேலையிடங்களையும் மனதில் வைத்துத்தான். எதிராளி சொல்லி முடிக்கும்வரை தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது, சொன்னதன் பின்னாலிருக்கும் உணர்வைப் பிடிப்பது, நமக்குப் புரிந்ததைத் திருப்பிச் சொல்லி "சரிதானா?" என்று பார்த்துக்கொள்வது. அவ்வளவுதான் விஷயம்.

நமக்கும் இது தெரியாததல்ல. பாட்டி கதை சொல்லும்போது உம் கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். ஆனால், இன்று ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே அழகாக உம் கொட்டப் பழகிவிட்டோம். நானும்தான்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் காமலாபுரம் விமான நிலையம் இருக்கிறது. அங்கே இறங்கும் விமானி, தரையிறங்க அனுமதி கிடைத்ததும் "சரி சார்" என்று மட்டும் சொல்ல முடியாது. ஓடுபாதை எண்ணோடு சேர்த்து அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அது சரியா என்று கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் கவனித்துக் கேட்க வேண்டும். உலகம் முழுக்க இதுதான் விதி. நம் ஆபீஸ்களிலோ "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது சார்". புரியவில்லை என்பது அடுத்த நாள் வேலை தப்பாக வந்து நிற்கும்போதுதான் தெரியும்.

டீ கொடுத்தவர்கள்

காத்திருப்பு அறை என்றதும் நினைவுக்கு வருவது லண்டன் பாதிரியார் சாட் வாரா. 1953-ல், உயிரை விடும் அளவுக்கு மனம் உடைந்தவர்கள் தன்னை அழைக்கலாம் என்று அறிவித்தார். கூட்டம் சேர்ந்தது. காத்திருந்தவர்களுக்கு டீ கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கச் சில தன்னார்வலர்கள் வந்தார்கள். பலர் அந்தத் தன்னார்வலர்களிடம் மனம்விட்டுப் பேசிவிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலேயே தெம்பாகக் கிளம்பிப் போவதை அவர் கவனித்தார். மறு வருடமே கேட்கும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தார். 'சமாரிட்டன்ஸ்' அமைப்பு அப்படித்தான் வளர்ந்தது.

அந்த வழியில் சென்னையில் 1986-ல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கியதுதான் 'சினேகா'. அங்கே போன் எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். இடித்துரைப்பதில்லை, "இப்படிச் செய்" என்று உபதேசிப்பதும் இல்லை. கேட்கிறார்கள்.

கேட்பதால் என்ன ஆகிவிடும்? உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து இடங்களில் நடத்திய ஆய்வின் முடிவு 2008-ல் வெளியானது. தற்கொலைக்கு முயன்று பிழைத்த 1,867 பேர் அதில் இருந்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சும், அடுத்த 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ "எப்படி இருக்கீங்க?" என்ற விசாரிப்பும். தற்கொலையால் இறந்தவர்கள் முதல் பிரிவில் 2.2 சதவிகிதம், இரண்டாவதில் 0.2 சதவிகிதம். (மனம் கனத்துக் கிடப்பவர்கள் 104 அல்லது 14416 எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.)

ஒரு சொல் மாற்றினால்...

2007-ல் அமெரிக்கக் குடும்ப மருத்துவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு என்னை மிகவும் யோசிக்க வைத்தது. "வேறு குறை உண்டா?" என்ற ஆங்கிலக் கேள்வியில் ஒரே ஒரு சொல்லை மாற்றினார்கள். 'இல்லை' என்ற பதிலை எதிர்பார்க்கும் சொல்லால் பலனில்லை. 'ஆமாம்' என்பதற்கு இடம் விடும் சொல்லால் கேட்டபோது, சொல்லாமலே வீட்டுக்குத் திரும்பும் குறைகள் வெகுவாகக் குறைந்தன.

தமிழில் இது இன்னும் வெளிப்படை. "வேற ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டால் பதிலையும் நாமே சொல்லிவிடுகிறோம். வீட்டிலும் கடையிலும் ஆபீஸிலும் நாம் கேட்பது பெரும்பாலும் இப்படித்தான். "வேற என்ன?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் கஷ்டம். அந்த நாலைந்து விநாடி அமைதி நம்மைப் போட்டுக் கொல்லும்.

மறு வாரம் அதே டாக்டரிடம் போனோம். நான் கதவோரமாக நின்றுகொண்டேன். அம்மாயி பேசினார். மருமகள் மாவாட்டும் நேரம், மாடு கன்று போட்டது எல்லாம் கலந்து வந்தது. நடுவில் தலைச்சுற்றலும் வந்தது. டாக்டர் படுக்க வைத்து ஒரு முறை, நிற்க வைத்து ஒரு முறை பிபி பார்த்தார். எழுந்து நிற்கும்போது இறங்குகிறது என்றார். மாத்திரையின் அளவை மாற்றி எழுதினார். (இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்!) "ராத்திரி எழுந்ததும் ரெண்டு நிமிஷம் கட்டில்லயே உட்காருங்க. தண்ணியக் குறைக்காதீங்க. இப்ப நான் என்ன சொன்னேன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றார். அம்மாயி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தார்.

புது பஸ் ஸ்டாண்டில் ஓமலூர் பஸ் ஏறியதும் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, "வேற என்ன அம்மாயி?" என்றேன். கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஆரம்பித்தார். ஓமலூரில் இறங்கும்போதும் முடிந்திருக்கவில்லை.