காண்டலும் கருதலும்: வடசென்னைத் தொழிற்பகுதியில் பி.எல்.சி. பழுதறியும் பயிற்சியும் தமிழ்ப் பயிற்றுமொழியும்

ஆய்வுச்சுருக்கம்

ஆலை இயந்திரங்களை இயக்கும் நிரல்படு தருக்கக் கட்டுப்படுத்தி (பி.எல்.சி.) பழுதுற்று நிற்கும்போது அதனை முதலில் அணுகுபவர் பராமரிப்புப் பணியாளரே ஆவார். தமிழில் சிந்தித்து, ஆங்கிலக் குறிப்புகளைப் படித்து, இரண்டும் கலந்த பேச்சில் பழுதைத் தெரிவிக்கும் அவருக்கு அளிக்கப்படும் பயிற்சி எத்தகையதாக அமைய வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பழுதறிதலில் நேரிடும் தவறுகள் பல மின்னியல் அறியாமையால் அல்லாமல், கண்டதையும் கருதியதையும் பிரித்துச் சொல்லாமையால் விளைவன என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: பி.எல்.சி., ஏணி வரைபடம், பழுதறிதல், அளவை, குழூஉக்குறி, கலைச்சொல், வடசென்னை.

முன்னுரை

இராயபுரத்துக் கல்மண்டபத்திலிருந்து வடக்கு நோக்கிச் செல்பவர் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் எனச் சில கல் தொலைவுக்குள் தமிழகத் தொழில் வரலாற்றின் பல காலகட்டங்களைக் கடந்துவிடுகிறார். 1948இல் தொடங்கிய எண்ணூர் ஊர்தித் தொழிற்சாலை, 1955 முதல் திருவொற்றியூரில் வளர்ந்த என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழில், 1970இல் மின்னுற்பத்தியைத் தொடங்கி 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையம், 1983இல் சென்னைத் துறைமுகத்தில் அமைந்த சரக்குப்பெட்டக முனையம், 2001இல் செயற்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம் ஆகியன அவற்றுட் சில. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தையும் இவற்றோடு சேர்த்தே எண்ண வேண்டும். இத்தொழில்களின் கருவிகள் மாறிய வேகத்திற்குப் பராமரிப்புப் பயிற்சியின் மொழி ஈடுகொடுத்ததா என்பது இதுவரை அதிகம் பேசப்படாத வினா.

ரிலேயிலிருந்து நிரலுக்கு

பி.எல்.சி.யின் பிறப்பே பராமரிப்புப் பணியாளரை மனத்திற்கொண்டு நிகழ்ந்தது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஹைட்ராமேட்டிக் பிரிவு, 1968இல், நூற்றுக்கணக்கான ரிலேக்கள் அடங்கிய பேனல்களுக்கு மாற்றாக ஒரு மின்னணுக் கருவியைக் கோரியது. ஊர்தியின் மாதிரி மாறும்போதெல்லாம் ரிலே பேனல்களின் கம்பிகளை அவிழ்த்து மீண்டும் பூட்ட வேண்டியிருந்ததே அக்கோரிக்கைக்குக் காரணம். டிக் மோர்லி முதலானோர் பெட்ஃபோர்டு அசோசியேட்ஸ் நிறுவனத்தில் உருவாக்கிய கருவி மோடிகான் 084 எனப் பெயர் பெற்றது. அது அந்நிறுவனத்தின் 84ஆவது திட்டம் என்பதே பெயர்க்காரணம்.

ஆலை மின்பணியாளர் அதுவரை படித்துப் பழகிய ரிலே வரைபடத்தின் வடிவத்திலேயே நிரலும் அமைந்தது. அதுவே ஏணி வரைபடம். இரு செங்குத்துக் கோடுகளுக்கு இடையே ஏணிப் படிகள்போல அமையும் ஒவ்வொரு வரியிலும் இடப்புறம் நிபந்தனைகளும் வலப்புறம் விளைவும் நிற்கும். 1993இல் வெளிவந்த பன்னாட்டுத் தரமும் (இன்றைய ஐ.இ.சி. 61131-3) ஏணி வரைபடத்தை நிரல்மொழிகளுள் ஒன்றாக ஏற்றது. எண்ணூர் அனல்மின் நிலையம் போன்றவை எழுந்த காலத்தில் இக்கருவி பிறந்து ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆகவே ரிலேயின் ‘டக்’ என்ற ஒலியைக் கேட்டே பழுதறிந்த ஒரு தலைமுறையின் கையில்தான் பின்னாளில் ஒலியற்ற இக்கருவி வந்து சேர்ந்தது. ஒத்த வடிவம் கற்பதை எளிதாக்கியது. அதுவே ஒரு மயக்கத்தையும் விளைவித்தது. அம்மயக்கம் பின்னர் விளக்கப்படும்.

பணிமனைச் சொற்களும் குழூஉக்குறியும்

நன்னூலார் தகுதி வழக்கு மூன்றனுள் குழூஉக்குறியை வைத்தார். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும் உரையாசிரியர்கள் தரும் சான்றுகள். ஒரு குழுவினர் தமக்குள் வழங்கும் சொல் பிறர்க்கு விளங்காமற்போவது இயல்பு. பணிமனையில் காணப்படும் சிக்கல் வேறு வகையானது: இங்குக் குழுவினுள்ளேயே ஒரு சொல் பல பொருள் தருகிறது.

‘மோட்டார் ட்ரிப் ஆயிடுச்சு’ என்னும் தொடரை எடுத்துக்கொள்ளலாம். மிகுசுமை ரிலே விழுந்தது, பிரேக்கர் விழுந்தது, வேறொரு இயந்திரம் நின்றதால் இன்டர்லாக் இதனையும் நிறுத்தியது ஆகிய மூன்று நிலைகளையும் இவ்வொரு சொல் குறிக்கும். முதலாவதில் மோட்டாரின் சுமையையும், இரண்டாவதில் மின்சுற்றையும், மூன்றாவதில் மோட்டாரை விட்டுவிட்டு அந்த வேறொரு இயந்திரத்தையும் பார்க்க வேண்டும். சொல் ஒன்றாயிருப்பதால் பணியாளர் எப்போதும் மோட்டாரிடமே செல்கிறார். இதற்குத் தீர்வு ‘ட்ரிப்’ என்பதற்குத் தூய தமிழ்ச்சொல் ஒன்றை ஆக்குவதன்று. அச்சொல்லும் மூன்று நிலைகளையும் ஒருங்கே குறிக்கத் தொடங்கிவிடும். எது விழுந்தது, அப்போது பேனலில் என்ன எரிந்தது என இயக்குநரைக் கேட்கும் பழக்கத்தையே பயிற்சி ஊட்ட வேண்டும்.

காண்டல், கருதல், உரை

சைவ சித்தாந்த நூல்கள் அறிவு பெறும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்று அளவைகளுள் அடக்குகின்றன. மணிமேகலையின் சமயக் கணக்கர் காதை இவ்வளவைகளை இன்னும் விரிவாக வகுக்கிறது. மெய்ப்பொருள் ஆராய்ச்சிக்கு ஏற்பட்ட இப்பாகுபாடு பழுதறியும் பயிற்சிக்கும் வியக்கத்தக்க அளவில் பொருந்துகிறது. இயக்குநர் சொல்வது உரை. உள்ளீட்டு மாட்யூலில் எரியும் அல்லது எரியாத சிறு விளக்கு காண்டல். அவ்விளக்கிலிருந்து பணியாளர் பெறும் முடிவு கருதல்.

‘சென்சார் வேலை செய்யலை’, ‘இன்புட் வரலை’ என்னும் இரு தொடர்களும் பணிமனையில் ஒரே பொருளில் வழங்குகின்றன. ஆனால் பின்னதே கண்டது, முன்னது கருதியது. உள்ளீட்டு விளக்கு எரியாமைக்குச் சென்சார் பழுது ஒரு காரணம் மட்டுமே. 24 வோல்ட் மின்வழங்கி இறங்கியிருக்கலாம், இடையிலுள்ள டெர்மினல் தளர்ந்திருக்கலாம், கம்பி அறுந்திருக்கலாம், சென்சார் நன்றாயிருந்தும் அதன் முன் வரவேண்டிய பொருளே வராதிருக்கலாம். ‘சென்சார் வேலை செய்யலை’ என்று சொன்னவுடன் இவ்வாய்ப்புகள் அனைத்தும் மூடப்பட்டு, புதிய சென்சார் வாங்கி மாட்டப்படுகிறது. அதன் பின்னரும் இயந்திரம் ஓடுவதில்லை. (‘இன்புட் வரலை’ என்பது இன்மையைக் காணும் அறிவாதலால், அதனை அபாவம் என்னும் தனி அளவையாகக் கொள்வாரும் உளர், அவ்விவாதம் இங்கு வேண்டாம்.)

கடலோர ஆலைகளில் இந்த வேறுபாட்டுக்குக் கூடுதல் மதிப்புண்டு. உப்புக்காற்று டெர்மினல்களையும் இணைப்பு முனைகளையும் அரிக்கிறது. அரிப்பு மின்தடையைக் கூட்ட, புறப்பட்ட இடத்தில் 24 வோல்ட்டாக இருப்பது மாட்யூலை அடையும்போது உள்ளீட்டை இயக்கப் போதாத அளவுக்குக் குறைகிறது. காலையில் ஓடி நண்பகலில் நின்று மாலையில் தானே ஓடும் இயந்திரங்களின் ‘மாயப் பழுது’ பெரும்பாலும் இத்தகையதே. பி.எல்.சி. அமைப்பில் நேரும் பழுதுகளுள் மிகுதியானவை கட்டுப்படுத்திக்கு வெளியே, களத்திலுள்ள சென்சார், சுவிட்ச், வால்வு, கம்பி ஆகியவற்றில் நிகழ்வன என்பது பராமரிப்புத் துறையினர் நன்கறிந்த ஒன்று. ஆயினும் பல பயிற்சிகள் நிரல் எழுதுவதிலேயே முழு நேரத்தையும் செலவிட்டு, மல்டிமீட்டருடன் களத்தில் நிற்பதற்கு ஒரு நாள்கூட ஒதுக்குவதில்லை. இது தலைகீழான முன்னுரிமை.

காண்டலும் பொய்க்கும் இடமுண்டு. மாறுதிசை மின்னோட்டத்திற்கான டிரையாக் வகை வெளியீட்டு மாட்யூல்களில், வெளியீடு அணைந்துள்ளபோதும் மிகச்சிறு கசிவு மின்னோட்டம் இருந்துகொண்டே இருக்கும். சுமையைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டர் வைத்தால் ஏறத்தாழ முழு மின்னழுத்தமும் தெரியும். ‘அவுட்புட் வருது’ என்று பணியாளர் சொல்வார். உரிய சுமையை இணைத்து அளந்தால் அம்மின்னழுத்தம் காணாமற்போகும். காட்சி என்பது காணும் கருவியையும் பொறுத்தது என்பதற்கு இதனினும் தெளிவான செய்முறைப் பாடம் கிடைப்பது அரிது.

நிறுத்தப் பொத்தான் விளைவிக்கும் மயக்கம்

மேலே சுட்டிய மயக்கத்திற்கு இனி வரலாம். ரிலே வரைபடத்தில் நிறுத்தப் பொத்தான் இயல்பில் மூடிய தொடுமுனையாக (என்.சி.) வரையப்படும். பொத்தானை அழுத்தினால் சுற்று முறிந்து மோட்டார் நிற்கும். கம்பி அறுந்தாலும் சுற்று முறியும்; அப்போதும் மோட்டார் நிற்கும். பழுது நேர்ந்தால் இயந்திரம் நிற்பதே பாதுகாப்பு என்னும் கோட்பாடு இவ்வமைப்பில் உறைந்துள்ளது.

அதே பொத்தான் பி.எல்.சி.யின் உள்ளீட்டில் இணைக்கப்படும்போது, அழுத்தப்படாத நிலையில் மின்சாரம் வந்துகொண்டிருப்பதால் அவ்வுள்ளீட்டின் மதிப்பு 1. ஏணி வரைபடத்தின் தொடுமுனைக் குறி பொத்தானின் உருவம் அன்று; ‘இவ்வுள்ளீட்டின் மதிப்பு 1 ஆக உள்ளதா?’ என்னும் வினா அது. ஆகவே நிரலில் நிறுத்தப் பொத்தானுக்கு இயல்பில் திறந்த தொடுமுனைக் குறியே (என்.ஓ.) இடப்படுகிறது. ரிலே வரைபடத்தில் பழகியவர் இதனைக் கண்டதும் பிழை என எண்ணுகிறார். குறியை என்.சி. ஆக மாற்றினால் மோட்டார் ஓடாது. ஓடவைக்க வேண்டிக் களத்திலுள்ள பொத்தானையும் என்.ஓ. ஆக மாற்றிவிடுகிறார். இப்போது மோட்டார் ஓடுகிறது. பொத்தானை அழுத்தினால் நிற்கவும் செய்கிறது. எல்லாம் சரியெனத் தோன்றும். ஆனால் அக்கம்பி என்றேனும் அறுந்தால் அல்லது உப்பரித்தால், பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் இயந்திரம் நில்லாது. அதனை அறியும் நாள் பெரும்பாலும் ஒருவர் கை சிக்கிய நாளாக இருக்கும்.

அவசர நிறுத்தத்தைச் சாதாரண நிரலை மட்டும் நம்பி அமைக்காமல், பாதுகாப்பு ரிலே வழியாகவோ பாதுகாப்புக்கென வடிவமைத்த கட்டுப்படுத்தி வழியாகவோ அமைப்பதற்கும் இத்தகைய அச்சமே காரணம்.

இம்மயக்கத்தைக் களைவதில் தாய்மொழிக்குப் பெரும்பங்குண்டு. என்.ஓ., என்.சி. என்னும் ஈரெழுத்துச் சுருக்கங்கள் பொத்தானுக்கும் நிரற்குறிக்கும் பொதுவாக வழங்குவதாலேயே குழப்பம் நேர்கிறது. களத்துப் பொருளைத் ‘திறந்தது, மூடியது’ என்றும், நிரற்குறியை ‘உண்டா, இல்லையா’ என்றும் வேறுபடுத்திக் கற்பித்தால் பயில்பவர் மனத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்வதில்லை.

ஃபோர்ஸும் ஜம்பரும்

நிரல் மென்பொருளில் ஓர் உள்ளீட்டை வலிந்து 1 ஆக்கும் வசதி உண்டு. அது ‘ஃபோர்ஸ்’ எனப்படும். களத்தில் இரு டெர்மினல்களைத் துண்டுக் கம்பியால் இணைப்பது ‘ஜம்பர்’. இரண்டும் பழுதறியப் பயன்படும் கருவிகளே. பழுது எங்கே என்று அறிந்தபின் அவற்றை நீக்காமல் உற்பத்தியைத் தொடர்வதே தவறு. ஃபோர்ஸ் செய்த உள்ளீட்டை இயந்திரம் உண்மையென்றே நம்பும். கதவு திறந்திருக்க மூடியதாகக் கொண்டு ஓடும். ஒவ்வொரு பணிமுறை மாற்றத்தின்போதும் எவை ஃபோர்ஸில் உள்ளன, எங்கே ஜம்பர் உள்ளது என்பது பதிவேட்டில் எழுதப்பட்டு அடுத்தவரிடம் வாய்மொழியாகவும் சொல்லப்பட வேண்டும். இப்பதிவைத் தமிழில் எழுத இசைவளித்தாலன்றி அது நிகழாது. ஆங்கிலத்தில் எழுதத் தயங்குபவர் எழுதாமலே விட்டுவிடுகிறார். ஒப்பந்தப் பணியாளர் அடிக்கடி மாறும் ஆலைகளில் இந்த மௌனத்தின் விலை மிகுதி.

தமிழ்ப் பயிற்றுநூல்களும் பேனல் கதவும்

தொழிற்பயிற்சித் தமிழுக்கு நிறுவனப் பின்புலம் இல்லாமல் இல்லை. கிண்டியிலுள்ள தேசியப் பயிற்றூடக நிறுவனம் (நிமி), 1986இல் ஜெர்மானிய உதவியுடன் தொடங்கப்பட்டு, தொழிற்பயிற்சி நிலையங்களுக்கான பாடநூல்களைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வெளியிட்டு வருகிறது. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் குடிமைப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் தானியங்கித் தொழில்நுட்ப மையங்களை ஏற்படுத்தியுள்ளது. கருவியும் நூலும் உள்ளன. இடைவெளி, நூலின் தமிழுக்கும் பேனல் முன் பேசும் தமிழுக்கும் நடுவே உள்ளது. ‘உணரி’ என நூலில் படித்தவர் பணிமனையில் ‘சென்சார்’ என்றே கேட்கிறார். இவ்விரண்டையும் பகையாகக் கருத வேண்டியதில்லை. பயிற்சி நூலில் இரண்டையும் அருகருகே தருவதால் எவ்விழப்பும் இல்லை.

நிரலில் இடும் பெயர்கள் பெரும்பாலும் உரோமன் எழுத்திலேயே அமைவதால், அங்குத் தமிழைப் புகுத்த முயல்வது வீண். செய்யத்தக்கது வேறொன்று உண்டு. ஒவ்வோர் உள்ளீட்டின் முகவரி, கம்பி எண், அது ஆலையில் இருக்கும் இடம், இயல்பு நிலையில் அதன் விளக்கு எரிய வேண்டுமா என்பன அடங்கிய பட்டியலைத் தமிழில் அச்சிட்டுப் பேனல் கதவின் உட்புறம் ஒட்டலாம். ‘7ஆம் உள்ளீடு, கம்பி 107, கன்வேயர் வால்பக்கக் கயிற்றுச் சுவிட்ச், எப்போதும் எரிய வேண்டும்’ என்பது போன்ற ஒரு வரி போதும். மடிக்கணினியும் மென்பொருள் உரிமமும் பொறியாளரிடம் இருக்கலாம். நள்ளிரவில் பேனலைத் திறப்பவரிடம் இருப்பது ஒரு டார்ச் விளக்கும் மல்டிமீட்டருமே. இப்பட்டியலைப் பயிற்சி பெறுபவரே கம்பி கம்பியாகத் தொடர்ந்து சென்று தயாரிக்குமாறு செய்வது பயிற்சியின் முதல் வாரத்திற்கு ஏற்ற பாடம். பட்டியல் முடியும்போது ஆலையின் எந்த மூலையில் எந்தச் சுவிட்ச் உள்ளது என்பதை அவர் நடந்தே அறிந்திருப்பார். வரைபடத்துக்கும் களத்துக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் சேர்ந்துவிட்ட வேறுபாடுகளும் அப்போதுதான் வெளிப்படும்.