முழங்கால் மாற்று ஆபரேஷன்... ரோபோ வந்தால் உடல் எடை பிரச்னை தீருமா?

'முதல்ல வெயிட்டைக் குறைச்சுட்டு வாங்க!' மூட்டுத் தேய்மானத்தோடு டாக்டரிடம் போகும் உடல் பருமன் உள்ளவர்கள் அடிக்கடி கேட்பது இது. 'நடக்கவே முடியல, இதுல எங்க வெயிட்டைக் குறைக்கிறது?' என்று அவர்கள் திருப்பிக் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. இந்தத் தவிப்புக்கு நடுவேதான் 'ரோபோடிக் மூட்டு மாற்று' விளம்பரங்கள் கண்ணில் படுகின்றன.

டாக்டர் ஓரமாக நிற்க, இயந்திரமே ஆபரேஷன் செய்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. உதாரணமாக, 'மாகோ' என்ற கருவியில் முதலில் சி.டி ஸ்கேன் எடுத்து, நோயாளியின் முழங்காலை முப்பரிமாணப் படமாக்குவார்கள். எலும்பை எங்கே, எத்தனை மில்லிமீட்டர் வெட்டுவது என்பது அதில் முடிவாகும். ரம்பம் பொருத்திய ரோபோ கையைப் பிடித்து வெட்டுவது டாக்டர்தான். குறித்த எல்லையை ரம்பம் தாண்டப் பார்த்தால் கருவி தடுத்துவிடும்.

எடை கூடியவர்களுக்கு இதில் என்ன லாபம்? வழக்கமான முறையில், இடுப்பிலிருந்து கணுக்கால் வரை கால் எந்தக் கோட்டில் இருக்கிறது என்பதை எலும்பு முனைகளைத் தொட்டும், கம்பிகளைப் பொருத்தியும் டாக்டர் கணிக்கிறார். சதை தடிமனாக இருந்தால் இது சிரமம். ரோபோ முறையில், எலும்பில் சிறு ஊசிகளைப் பொருத்தி கேமரா மூலம் கண்காணிப்பதால் ஊகத்துக்கான இடம் குறைகிறது. (அந்த ஊசிகளுக்காகக் கூடுதலாகச் சில துளைகள் போட வேண்டியிருக்கும்.) நடக்கும்போது முழங்காலில் இறங்கும் பாரம், உடல் எடையைப்போல சுமார் மூன்று மடங்கு. அது ஒரே பக்கமாக விழாமல் இருப்பது 100 கிலோ எடை உள்ளவருக்கு முக்கியம்தான்.

ஆனால், பருமன் உள்ளவர்கள் விஷயத்தில் டாக்டர்களின் பெரிய பயம் கோணல் அல்ல, கிருமித்தொற்று. தோலுக்கடியில் உள்ள கொழுப்பில் ரத்த ஓட்டம் குறைவு என்பதால் புண் ஆறத் தாமதமாகும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால் இன்னும் சிக்கல். செயற்கை மூட்டில் தொற்று பரவினால், சில நேரம் அதைக் கழற்றி மறுபடி பொருத்த வேண்டிவரும். துல்லியமாக வெட்டுவதால் மட்டும் இந்த ஆபத்து விலகிவிடாது. அதனால்தான் பி.எம்.ஐ 40-ஐத் தாண்டியவர்களிடம் முதலில் எடையைக் குறைக்கச் சொல்கிறார்கள். 5 அடி உயரம் உள்ளவருக்கு அது கிட்டத்தட்ட 93 கிலோ.

ஆஸ்திரேலியாவில் 2022-ல் வெளியான சிறிய ஆய்வு ஒன்று சுவாரஸ்யமானது. மூட்டு மாற்றுக்குக் காத்திருந்த பருமனானவர்களில் ஒரு பிரிவினருக்கு முதலில் எடைக் குறைப்பு ஆபரேஷன் வழங்கப்பட்டது. அவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல், வலி குறைந்ததால் மூட்டு ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்!

நீண்டகாலப் பலனைப் பொறுத்தவரை, தென்கொரிய ஆய்வு ஒன்று 2020-ல் வெளியானது. குறைந்தது 10 ஆண்டுகள் நோயாளிகளைப் பின்தொடர்ந்ததில், ரோபோ முறைக்கும் வழக்கமான முறைக்கும் மூட்டின் ஆயுளில் வித்தியாசம் இல்லை. அதில் பயன்பட்டது பழைய தலைமுறைக் கருவி என்பதையும் சொல்லியாக வேண்டும்.

செலவையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். செயற்கை மூட்டின் விலைக்கு 2017 ஆகஸ்ட் முதல் மத்திய அரசின் உச்சவரம்பு உண்டு. ரோபோவுக்கான கட்டணம் அதில் வராது. சில இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் ரோபோ சிகிச்சைக்குத் தனி வரம்பு இருக்கும். தேதி குறிக்கும் முன்பே அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.