கூட்டுவதும் கூட்டி அள்ளுவதும்

கலகெதரப் பக்கத்துப் பாடசாலைகளில் காலைக் கூட்டத்துக்கு முன்பே பிள்ளைகள் வகுப்பறையையும் முற்றத்தையும் கூட்டி விடுவார்கள். முற்றத்தில் பலா இலைதான் அதிகம். அவர்கள் போன பிறகும் ஈர்க்கு விளக்குமாறு இழுத்த கோடுகள் மண்ணில் வரிவரியாகக் கிடக்கும். அந்த வேலையையே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் தடுமாறுகிறார்கள். ‘ஸ்வீப்’ தெரியும், ‘ஸ்வீப் அப்’ என்று வந்தால், “அப் என்றால் மேலே தானே டீச்சர், மேலேயா கூட்டுறது?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

தடுமாற்றம் நம் தமிழிலிருந்தே வருகிறது. வீட்டையும் கூட்டுகிறோம், குப்பையையும் கூட்டுகிறோம், சொல் ஒன்றுதான். ஆங்கிலம் பெரும்பாலும் இரண்டையும் பிரித்து வைக்கும். தரையைக் கூட்டினால் ‘ஸ்வீப் த ஃப்ளோர்’. கூட்டிய பிறகும் தரை அங்கேயே இருக்கும். இலையைக் கூட்டி அள்ளினால் ‘ஸ்வீப் அப் த லீவ்ஸ்’. இலை அங்கே இருக்காது. ‘கூட்டி அள்ளு’ என்பதில் ‘அள்ளு’ செய்கிற வேலையைத்தான் ‘அப்’ செய்கிறது. துடைத்தெடு, வழித்தெடு என்று இரண்டாவது வினையைச் சேர்த்துப் பேசிப் பழகிய நமக்கு இது அந்நியமே இல்லை.

மேசையில் தேத்தண்ணி சிந்திவிட்டதா? மேசையைத் துடைத்தால் ‘வைப் த டேபிள்’. சிந்தியதைத் துடைத்தெடுத்தால் ‘வைப் அப் த டீ’. இந்த ஒரு சோடியை மனதில் வைத்தால் மற்றவை தாமாக வரும்.

ஓர் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். ‘லீவ்ஸ்’ போன்ற பெயர்ச்சொல் ‘அப்’புக்கு முன்னாலும் வரலாம், பின்னாலும் வரலாம். ‘இட்’, ‘தெம்’ வந்தால் நடுவில்தான்: ‘ஸ்வீப் இட் அப்’. ‘ஸ்வீப் அப் இட்’ பிழை. இறந்தகாலத்தில் ‘ஸ்வெப்ட் அப்’.

2025 ஜனவரி 1 அன்று அரசு தொடங்கிய ‘கிளீன் ஸ்ரீ லங்கா’ திட்டத்தின் பெயரில் ‘அப்’ இல்லை, சுத்தமாக்குவது நாட்டை. ஊரார் கூடி ஆற்றங்கரையில் கிடக்கும் பிளாஸ்டிக்கைப் பொறுக்கி அகற்றினால் அது ‘கிளீன் அப்’.

‘வாஷ் அப்’ மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். பிரித்தானியர் சொன்னால் சாப்பிட்ட கோப்பைகளைக் கழுவுவது. அமெரிக்கர் சொன்னால் கைமுகம் கழுவுவது. ‘மொப் அப்’ தரையில் கொட்டிய தண்ணீரை ஒற்றியெடுப்பது. கோப்பையில் மிஞ்சிய பருப்புக் கறியைப் பாண் துண்டால் வழித்துச் சாப்பிடுவதும் அதுவே.