மிதிவண்டியிலிருந்து விழுந்தபின்: வீடு திரும்பிய நாள்களும் தலைக்கவசமும்

‘ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றீர்களே, பிறகு ஏன் பிள்ளைக்குத் தலை வலிக்கிறது? ஏன் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான்?’ மிதிவண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர்கள் மறுபரிசோதனைக்கு வரும்போது, உடன் வரும் பெற்றோர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி. வீட்டுக்கு அனுப்பும் அவசரத்தில் இதற்கான விடையை முழுமையாகக் கேட்டுக்கொள்ளும் மனநிலையில் எவரும் இருப்பதில்லை என்பதால், இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

சி.டி. ஸ்கேன் இரண்டு செய்திகளை நன்றாகச் சொல்லும்: மண்டையோடு உடைந்திருக்கிறதா, உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறதா என்பன அவை. மூளை அதிர்ச்சி என்று நாங்கள் குறிப்பிடும் நிலை இவ்விரண்டிலும் சேராது. மூளை மிக மென்மையான உறுப்பு; மண்டையோட்டுக்குள் நீர் சூழ மிதந்துகொண்டிருப்பது. தலை தரையில் மோதி நின்றுவிட, உள்ளிருக்கும் மூளை ஒரு கணம் தொடர்ந்து நகர்ந்து குலுங்குகிறது. அக்குலுக்கலில் நரம்பிழைகள் இழுபடுகின்றன. உயிரணுக்களுக்கு உள்ளும் புறமும் இருக்க வேண்டிய உப்புகளின் சமநிலை கலைகிறது. அதைச் சீர்செய்ய மூளைக்கு வழக்கத்தைவிட அதிக ஆற்றல் தேவைப்படுகிறது. அந்த நேரத்தில்தான் அதற்குச் செல்லும் இரத்த ஓட்டமும் குறைந்திருக்கிறது. இந்தப் பற்றாக்குறையே தலைவலியாகவும், தலைசுற்றலாகவும், மறதியாகவும், வெளிச்சத்தையும் இரைச்சலையும் தாங்க இயலாமையாகவும், காரணமற்ற கோபமாகவும் வெளிப்படுகிறது. ஸ்கேன் படம் இதைக் காட்டாது. அடிபட்டபோது நினைவு தப்பியிருக்க வேண்டும் என்பதும் இல்லை.

பெரியவர்களுக்கு இத்தொல்லைகள் பெரும்பாலும் இரண்டு வாரங்களிலும், சிறுவர்களுக்கு நான்கு வாரங்களுக்குள்ளும் தணிந்துவிடுகின்றன. முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு வேண்டும். கைப்பேசி, தொலைக்காட்சி ஆகியவற்றை அந்த நாள்களில் குறைத்துக்கொள்வது நல்லது. அதன்பின் இருட்டறையில் படுக்க வைத்தே இருப்பது பயன் தராது. வாரக்கணக்கில் முழு ஓய்வு என்பது முன்பு சொல்லப்பட்டுவந்த அறிவுரை. மெல்ல நடமாடத் தொடங்குபவர்களே விரைவில் தேறுகிறார்கள் என்று இப்போது அறிந்திருக்கிறோம். வீட்டுக்குள் நடை, பின்பு தெருமுனை வரை நடை, அரைநாள் பள்ளி, முழுநாள் பள்ளி என்று படிப்படியாக ஏறலாம். ஒரு படியில் தலைவலி கூடினால் ஒரு நாள் முந்தைய படிக்கே திரும்புங்கள். விளையாட்டும் மிதிவண்டியும் கடைசியாக, மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகே. முதல் அதிர்ச்சி ஆறுமுன் மீண்டும் தலையில் அடிபட்டால், சிறிய அடிகூடப் பெருங்கேடாக முடியலாம். தேர்வு நெருங்குகிறதே என்று தவிக்கும் குடும்பங்கள் தயங்காமல் எங்களிடம் மருத்துவச் சான்று கேட்கலாம். தலைவலியோடு விழித்திருந்து படிக்கும் பாடம் மனத்தில் தங்குவதும் இல்லை.

‘தலையில் அடிபட்டவரைத் தூங்கவிடக் கூடாது’ என்ற நம்பிக்கை இன்னும் பல வீடுகளில் உண்டு. மருத்துவர் பரிசோதித்து வீட்டுக்கு அனுப்பியபின் நோயாளி உறங்கலாம், உறங்கவும் வேண்டும். எழுப்பினால் எழுகிறாரா, எழுந்ததும் தெளிவாகப் பேசுகிறாரா என்பதே முக்கியம். காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டருகே மண்டையோடு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. அது கிழிந்தால், விழுந்தவர் எழுந்து, தூசி தட்டி, சிரித்துப் பேசிவிட்டு, சில மணி நேரம் கழித்து மயக்கத்தில் ஆழக்கூடும். ஆகவே அந்த இடைவேளையை நம்பி ஏமாற வேண்டாம். திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத உறக்கம், வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, குழறும் பேச்சு, இரு கண்மணிகளும் ஒரே அளவில் இல்லாமை, காதிலோ மூக்கிலோ இரத்தமோ தெளிந்த நீரோ வடிதல்: இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் காலை வரை காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

முதியவர்களைப் பற்றி ஒரு சொல். கடைக்குப் போய்வரும் வழியில் மிதிவண்டியோடு சாய்ந்த தாத்தா, ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிடுவார். வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்குவதால், அதற்கும் மண்டையோட்டுக்கும் இடையே உள்ள சிறு இரத்தக் குழல்கள் இழுபட்டு எளிதில் கிழிகின்றன. இரத்தம் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து, மூன்று நான்கு வாரங்கள் கழித்தே நடை தள்ளாடும்; பேச்சு தடுமாறும். ‘வயதாகிவிட்டது’ என்று வீட்டார் அதற்குப் பெயர் வைத்துவிடுகிறார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளை உட்கொள்பவராயின், விழுந்த அன்றே அழைத்துவாருங்கள். மருந்துச் சீட்டும் கையில் இருக்கட்டும்.

தலைக்கு வெளியேயும் இரண்டு காயங்கள் ஏமாற்றும். ஒன்று, சிறுவனின் வயிற்றில் கைப்பிடியின் முனை குத்துவது. தோலில் வட்டமாக ஒரு கன்றிய தடம் மட்டுமே தெரியும். உள்ளே மண்ணீரலோ, கல்லீரலோ, கணையமோ, குடலோ நசுங்கியிருக்கலாம். வயிற்றுவலி, வாந்தி, இடத்தோளில் வலி ஆகியவை தோன்றினால் உடனே காட்ட வேண்டும். மற்றொன்று, கேரியரில் அமர்ந்துவரும் குழந்தையின் குதிகால் போக்ஸ் கம்பிக்குள் சிக்குவது. முதல்நாள் சிராய்ப்பாகத் தோன்றும் தோல், நான்கைந்து நாளில் கறுத்து உதிர்வதுண்டு. ஆகவே கட்டுப் பிரிக்கும் நாளைத் தவறவிடாதீர்கள். பின்சக்கரத்துக்கு வலைத்தடுப்புப் பொருத்தினால் இது நேராது. காறை எலும்பு முறிவைக் குறித்து அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலும் தூக்குக்கட்டிலேயே சில வாரங்களில் கூடிவிடும். சிராய்ப்பைச் சுத்தமான நீரில் கழுவுங்கள். காப்பித்தூளும் பற்பசையும் வேண்டா.

இனித் தலைக்கவசம். 1935 மே மாதம் ‘அரேபியாவின் லாரன்ஸ்’ எனப் புகழ்பெற்ற டி.இ. லாரன்ஸ், இங்கிலாந்தில் மிதிவண்டியில் சென்ற இரு சிறுவர்கள்மேல் மோதாமல் தம் மோட்டார் சைக்கிளைத் திருப்ப முயன்று தூக்கியெறியப்பட்டார். ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவரைக் காண அழைக்கப்பட்ட மருத்துவர்களுள் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ், பின்னர் இராணுவத்தில் மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டுசெல்வோரின் தலைக்காயங்களை ஆராய்ந்து, தலைக்கவசத்தின் பயனை 1941-இல் கட்டுரையாக வெளியிட்டார். மிதிவண்டிக்கும் கணக்கு உண்டு. அடிபட்ட 64,000-க்கும் மேற்பட்ட மிதிவண்டியோட்டிகளைப் பற்றிய 40 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கவசம் அணிந்தோரிடம் கடுமையான தலைக்காயம் ஏறத்தாழ 69 விழுக்காடு குறைவாக இருந்தது. விபத்தை அது தடுக்காது. மூளை அதிர்ச்சியை முற்றிலும் விலக்கும் என்றும் நாங்கள் சொல்லமாட்டோம்.

‘மெதுவாகத்தானே ஓட்டுகிறான்’ என்பது பெற்றோர் கூறும் சமாதானம். நின்ற இடத்திலேயே சாய்ந்தாலும், ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை மணிக்குச் சுமார் 20 கி.மீ. வேகத்தில் தரையைத் தொடும். கவசத்தின் உட்பகுதி, பெட்டிகளில் பொருள்களுக்குப் பாதுகாப்பாக வைக்கும் தெர்மாகோலின் இனத்தைச் சேர்ந்தது. அது நசுங்கும் ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் தலையின் வேகம் தணிகிறது. அந்தச் சிறு தூரத்துக்காகத்தான் அதை அணிகிறோம். மோட்டார் வாகனச் சட்டம் மிதிவண்டியோட்டியைக் கவசம் அணியச் சொல்லவில்லை. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு தரும் மிதிவண்டி வீடு வந்து சேரும் நாளில், சட்டம் சொல்லாத இதைக் குடும்பம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாங்கும்போது பிள்ளையை உடன் அழைத்துச் செல்லுங்கள். ‘வளருவான்’ என்று பெரிதாக வாங்கினால், வேண்டிய நேரத்தில் அது பின்னுக்கு நழுவிவிடும். அப்பாவின் மோட்டார் சைக்கிள் கவசமும் சிறு கழுத்துக்குப் பெரும்பாரம். முன்விளிம்பு புருவத்துக்கு இரண்டு விரல் மேலே இருக்க வேண்டும். பட்டைகள் காதைச் சுற்றிக் கூம்பு வடிவில் சேர வேண்டும். தாடைப் பட்டைக்கும் தோலுக்கும் இடையே ஒன்றிரண்டு விரல் மட்டுமே நுழைய வேண்டும். பெண்பிள்ளைகள் உச்சிக் கொண்டையைத் தவிர்த்துப் பின்னலைக் கழுத்தருகே தாழ்த்திக் கட்டினால் கவசம் சரியாக அமரும்.

விபத்தில் அணிந்திருந்த கவசத்தை மருத்துவமனைக்கு எடுத்துவந்தால், அதிலுள்ள கீறலைக் கொண்டு அடி எந்தப் பக்கம் விழுந்தது என்பதை நாங்கள் ஓரளவு அறிந்துகொள்ள முடியும். ஒருமுறை நசுங்கிய நுரை மீண்டும் எழாது. வெளி ஓடு பழுதின்றித் தோன்றினாலும் உள்ளே விரிசல் இருக்கலாம். நாங்கள் பார்த்து முடித்ததும், தம்பிக்கோ தங்கைக்கோ அது போய்ச் சேராதபடி, அதன் பட்டைகளை அறுத்துக் குப்பையில் சேர்த்துவிடுங்கள்.