எட்டு வயசு ஆனா பூஸ்டர் சீட்டை எடுத்துடலாமா?



போன எபிசோடில் லேன் அசிஸ்ட், தானியங்கி பிரேக் என்று ஒரு மணி நேரம் பேசினோம். ஆனால் அதற்குப் பிறகு வந்த கேள்விகள் எல்லாம் பின் சீட்டைப் பற்றி! பிராம்ப்டனில் இருந்து ஒரு நேயர் கேட்டது இது: "பையனுக்கு அடுத்த மாசம் எட்டு வயசு. பூஸ்டர் சீட்ல தோள் இடிக்குது, உட்காரவே மாட்டேங்கறான். எட்டு ஆயிட்டா தூக்கிப் போட்டுடலாம்னு எல்லாரும் சொல்றாங்க. போடலாமா?" இதையே வேறு வார்த்தைகளில் இன்னும் மூன்று பேர் கேட்டிருந்தார்கள். பேசி முடிக்க நேரம் போதாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

சுருக்கமான பதில்: ஒன்டாரியோ சட்டப்படி எடுத்துவிடலாம். ஆனால் உங்கள் காரின் பெல்ட் அவனுக்குப் பொருந்தவில்லை என்றால் எடுக்காதீர்கள். எட்டு வயசில் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பொருந்தாது.

முதலில் சட்டம். ஒன்டாரியோ விதியில் மூன்று எண்கள் வருகின்றன: 8 வயது, 36 கிலோ, 145 செ.மீ. அதாவது 4 அடி 9 அங்குலம். மூன்றும் சேர்ந்து வரவேண்டும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அப்படிக் கிடையாது, ஏதாவது ஒன்றைத் தொட்டாலே போதும். பிறந்தநாள் கேக் வெட்டிய மறுநாள் போலீஸ் நிறுத்தினாலும் 240 டாலர் அபராதமும் இரண்டு டிமெரிட் புள்ளிகளும் உங்களுக்கு வராது. ஆனால் பெல்ட்டுக்கு வயசு தெரியாது, உயரம்தான் தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி 8 வயதில் நடுத்தர உயரம் சுமார் 127 செ.மீ. 145-ஐத் தொடுவது 11 வயதை ஒட்டித்தான். ஸ்கூல் போட்டோவில் முன் வரிசையில் உட்கார வைக்கப்படும் பிள்ளை என்றால் 12 கூட ஆகும். சட்டம் விடுவிப்பதற்கும் உடம்பு தயாராவதற்கும் நடுவே ஏறக்குறைய மூன்று வருஷம் இருக்கிறது. நேயர்களின் குழப்பம் எல்லாம் இந்த மூன்று வருஷத்தில்தான்.

இன்னொன்று, லாங் வீக்கெண்டுக்கு 401-ஐப் பிடித்து மொன்ட்ரியல் போகிறவர்களுக்கு. கியூபெக்கில் 2019 ஏப்ரலில் இருந்து கணக்கு 9 வயது அல்லது 145 செ.மீ. பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் 9 தான். அதே பிள்ளை, அதே எலும்பு, மாகாணம் தாண்டினால் விதி வேறு.

சரி, பூஸ்டர் உண்மையில் என்ன செய்கிறது? நிறைய பேர் அதை ஒரு பாதுகாப்புக் கவசம் மாதிரி நினைக்கிறார்கள். காரில் பிள்ளையைப் பிடித்து நிறுத்துவது பெல்ட்தான். பூஸ்டரின் வேலை பிள்ளையைக் கொஞ்சம் உயர்த்தி, அந்த பெல்ட் சரியான எலும்பின் மேல் விழும்படி செய்வது. வால்வோவில் நில்ஸ் போலின் 1959-ல் கொண்டுவந்த மூன்று முனை பெல்ட்டின் யோசனையே இதுதான்: மோதலின் வேகத்தை உடம்பின் கெட்டியான இடங்களான இடுப்பெலும்பு, தோள், மார்புக்கூடு மூன்றும் தாங்கட்டும். பெரியவர்களுக்கு இடுப்பின் முன்பக்கம் இரண்டு பக்கமும் எலும்பு மேடு இருக்கும், கையை வைத்துப் பார்த்தாலே தெரியும். பெல்ட் அதில் மாட்டி நிற்கும். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த மேடு இன்னும் சரியாக உருவாகியிருக்காது. அதனால் பெல்ட் மேலே ஏறி வயிற்றுக்குப் போய்விடும். வயிற்றில் எலும்பு இல்லை. குடல், கல்லீரல், மண்ணீரல்தான் இருக்கிறது.

இதில் சீட்டின் ஆழத்துக்கும் பங்கு உண்டு. காரின் பின் சீட் பெரியவரின் தொடை நீளத்துக்குச் செய்தது. 127 செ.மீ. பிள்ளை முதுகை ஒட்டி உட்கார்ந்தால் முழங்கால் சீட் விளிம்பு வரை வராது, கால் நேராக நீட்டிக்கொண்டிருக்கும். அது யாருக்கும் வசதியாக இருக்காது. ஐந்து நிமிஷத்தில் இடுப்பை முன்னால் தள்ளி, முழங்காலை மடக்கி, சாய்வு நாற்காலியில் தாத்தா மாதிரி சரிந்து உட்காருவான். அந்த நேரம் இடுப்பு பெல்ட் வயிற்றில், தோள் பெல்ட் கழுத்தில். இந்த நிலையில் மோதினால் உடம்பு பெல்ட்டுக்கு அடியில் முன்னால் நழுவிப் போகும். பொறியாளர்கள் இதற்கு சப்மரைனிங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், நீர்மூழ்கிக் கப்பல் முங்குகிற மாதிரி என்பதால். குடல் கிழிவது, முதுகெலும்பு உடைவது எல்லாம் இப்படி நடப்பவை. பெல்ட் போட்டிருந்தும் நடப்பவை.

பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், 4 முதல் 8 வயது வரையிலான பிள்ளைகளில் பூஸ்டரில் இருந்தவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு, வெறும் பெல்ட் போட்டவர்களைவிட 45% குறைவாக இருந்தது. ஒரு பிளாஸ்டிக் மேடைக்கு இது பெரிய விஷயம்.

இப்போ உங்கள் காருக்குப் போங்கள். பூஸ்டரை எடுத்துவிட்டு பிள்ளையை உட்கார வைத்து பெல்ட் போடுங்கள். முதுகும் புட்டமும் சீட்டை முழுசா ஒட்டியிருக்கணும். அப்படி இருக்கும்போதே முழங்கால் சீட் விளிம்பில் மடங்கித் தொங்கணும். இடுப்பு பெல்ட் தொடைகளின் மேல் முனையைத் தொட்டுக்கொண்டு தாழ்வாகப் போகணும், வயிற்றில் மடிப்பு விழக்கூடாது. தோள் பெல்ட் கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவே வரணும். இவை நான்கும் ஒரு நிமிஷத்தில் பார்த்துவிடலாம். ஐந்தாவதுதான் முக்கியம்: அதே மாதிரி பயணம் முழுக்க உட்கார முடியுமா? மிஸிஸாகாவில் இருந்து ரிச்மண்ட் ஹில் கோவில் வரை ஒரு தடவை கூட்டிப் போங்கள், கண்ணாடியில் பாருங்கள். 407-ல் ஏறும்போது நேராக உட்கார்ந்திருந்தவன் இறங்கும்போது சரிந்திருந்தால், அவனுக்கு பூஸ்டர் இன்னும் தேவை. தூங்கினால் என்ன ஆகிறான் என்றும் பார்க்கணும்.

இந்தச் சோதனையை ஒரு காரில் பாஸ் செய்தவன் இன்னொரு காரில் ஃபெயில் ஆகலாம். அம்மாவின் சின்ன காரில் சீட் ஆழம் குறைவு, பெல்ட் பொருந்துகிறது. அப்பாவின் எஸ்யூவியில் சீட் ஆழம், பெல்ட் கழுத்தில் உரசுகிறது. ஒரே வேனில்கூட நடு வரிசையும் மூன்றாவது வரிசையும் ஒன்றாக இருக்காது. அதனால் "என் பையன் பூஸ்டரைத் தாண்டிட்டான்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. இந்தக் காரில், இந்த இடத்தில் தாண்டிட்டான் என்றுதான் சொல்ல முடியும்.

பிராம்ப்டன் நேயரின் கேள்விக்குத் திரும்புவோம். "தோள் இடிக்குது" என்றாரே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. அவர் வைத்திருப்பது முதுகு உள்ள பூஸ்டராக இருக்கும். தோள் அதன் மேல் பெல்ட் வழிகாட்டியைத் தாண்டினாலோ, காது முதுகுப் பகுதியின் மேல் விளிம்பைத் தாண்டினாலோ அந்த சீட்டின் காலம் முடிந்தது. பூஸ்டரின் காலம் முடியவில்லை! முதுகு இல்லாத பூஸ்டருக்கு மாறலாம். பல மாடல்களில் முதுகைக் கழற்றிவிட்டு அடிப்பகுதியை மட்டும் பயன்படுத்தலாம், புதுசே வாங்க வேண்டியதில்லை. உங்கள் மேனுவலில் பாருங்கள். தனியாக வாங்கினாலும் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி குடும்பத்தோடு பீட்சா சாப்பிடும் செலவுதான். ஒரு நிபந்தனை, காரின் சீட் அல்லது ஹெட்ரெஸ்ட் பிள்ளையின் காது உயரம் வரை தலைக்குப் பின்னால் இருக்கணும். பழைய கார்களின் நடு இடத்தில் ஹெட்ரெஸ்ட் இல்லாமல் இருக்கும், அங்கே இது சரிப்படாது. காரில் ஏறியதும் தூங்கிவிழும் பிள்ளைக்கு, பொருந்தும் வரை முதுகு உள்ளதே நல்லது. தலை பக்கவாட்டில் சாயாமல் தாங்கும்.

வாங்கும்போது எடை, உயர வரம்பை லேபிளில் பாருங்கள். 36 கிலோவைத் தாண்டியும் அனுமதிக்கும் மாடல்கள் நிறைய உண்டு. அமெரிக்காவின் ஐஐஹெச்எஸ் அமைப்பு 2008-ல் பூஸ்டர்களை மதிப்பிடத் தொடங்கியது. பெல்ட்டை எலும்பின் மேல் சரியாகக் கொண்டுவருகிறதா என்பதுதான் அவர்கள் அளந்தது, நீங்களும் அதையே பாருங்கள்.  ஆனால் வாங்குவது கனடாவில்! பஃபலோ போய் பிளாக் ஃப்ரைடே டீலில் அள்ளிக்கொண்டு வருவது நம் மக்களுக்கு ஒரு விளையாட்டு மாதிரி, எனக்கும் பிடிக்கும். கார் சீட்டை மட்டும் அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். வட்டத்துக்குள் மேப்பிள் இலை போட்ட தேசியப் பாதுகாப்பு முத்திரை இல்லாத சீட்டை இங்கே கொண்டுவந்து பயன்படுத்துவது சட்டப்படி செல்லாது. பழைய சீட் யாராவது கொடுத்தால் காலாவதி தேதி பாருங்கள், எப்போதாவது விபத்தில் இருந்ததா என்று கேளுங்கள். பதில் சரியாகத் தெரியாத சீட் வேண்டாம்.

நம் பாட்காஸ்டுக்கு ஏற்ற ஒரு பகுதியும் இதில் இருக்கிறது. முன் சீட் பெல்ட்டில் இரண்டு தொழில்நுட்பங்கள் பல வருஷமாக உண்டு. ஒன்று ப்ரீடென்ஷனர்: மோதலை உணர்ந்த உடனே ஒரு சின்ன வெடிமருந்து வெடித்து பெல்ட்டின் தளர்ச்சியைச் சுருட்டி இழுக்கும். இன்னொன்று லோட் லிமிட்டர்: மார்பின் மேல் அழுத்தம் அளவுக்கு மீறினால் பெல்ட்டைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். பின் சீட்டுக்கு இவை வருவதற்கு ரொம்ப காலம் ஆனது, இன்றும் எல்லாக் கார்களிலும் இல்லை. 2022-ல் ஐஐஹெச்எஸ் தன் முன்பக்க மோதல் சோதனையில் பின் சீட்டிலும் ஒரு பொம்மையை உட்கார வைத்தது. சின்ன உருவப் பெண் அல்லது 12 வயதுப் பிள்ளை அளவு. அந்த வருஷம் சோதித்த 15 சிறிய எஸ்யூவிகளில் நல்ல மதிப்பீடு பெற்றவை இரண்டே இரண்டு, ஃபோர்ட் எஸ்கேப்பும் வால்வோ எக்ஸ்சி40-யும். ஒன்பது மிக மோசம் என்ற மதிப்பீடு பெற்றன. அதற்குப் பிறகு பல நிறுவனங்கள் பின் சீட் பெல்ட்டை மாற்றியிருக்கின்றன. அடுத்த கார் பார்க்கும்போது திரையின் அங்குலத்தை விசாரிக்கிற மாதிரி, பின் சீட் பெல்ட்டில் இந்த இரண்டும் இருக்கா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். முழிப்பார், பரவாயில்லை. இதைப் படித்துவிட்டு "அப்ப முன் சீட்டே நல்லதாச்சே" என்று யாரும் கிளம்ப வேண்டாம். முன்னால் ஏர்பேக் இருக்கிறது, 13 வயது ஆகும் வரை பின் சீட்தான்.

குளிர்கால ஜாக்கெட் தனித் தலைவலி. ஜனவரியில் பஞ்சு மாதிரி உப்பிய ஜாக்கெட்டோடு பெல்ட் போட்டால் இறுக்கமாகத்தான் தெரியும். மோதலில் அந்தக் காற்றெல்லாம் அமுங்கி, பெல்ட் தளர்ந்துபோகும். காரைக் கொஞ்சம் முன்னாடியே சூடாக்கி, ஸ்வெட்டரோடு பெல்ட் போட்டு, ஜாக்கெட்டை மேலே போர்வை மாதிரி போர்த்துங்கள்.

சூப்பர் விசாவில் பாட்டி வந்திருக்கும் வீடுகளில் பின் சீட்டில் குட்டிப் பாப்பாவின் சீட், நடுவில் பாட்டி, அந்தப் பக்கம் பெரியவனின் பூஸ்டர் என்று நெரிசல். பூஸ்டர் அகலமாக இருந்தால் பக்கிள் அடியில் மறைந்து, பையனே போட்டுக்கொள்ள முடியாமல் பாதிதான் மாட்டியிருக்கும். இந்த வீடுகளுக்கு பிராண்டைவிட அடிப்பகுதியின் அகலம் முக்கியம். டேப் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், காரில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பிள்ளையின் வெட்கத்தையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்றாம் வகுப்பில் "இன்னும் பேபி சீட்டா?" என்று ஒருத்தன் கேட்டால் போதும், மறுநாள் தோள் பெல்ட் கையிடுக்குக்குக் கீழே போயிருக்கும், இல்லை முதுகுக்குப் பின்னால். அது வெறும் பெல்ட்டைவிடவும் மோசம். முதுகு இல்லாத கறுப்பு பூஸ்டர் வெளியில் இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது, அதைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அவனிடமே கொடுங்கள். தமிழ்ப் பள்ளிக்கு கார்பூல் போகிறான் என்றால் அந்த வீட்டாரிடம் முன்னாடியே பேசிவிடுங்கள், கையோடு கொண்டுபோகும் எடைதான்.

பிள்ளை இல்லாமல் நீங்கள் மட்டும் ஆபீஸ் போகும் நாளிலும் காலி பூஸ்டருக்கு பெல்ட் மாட்டிவிட்டுக் கிளம்புங்கள். இல்லையென்றால் சடன் பிரேக்கில் அது உங்கள் பின்மண்டையை நோக்கிப் பறந்து வரும்.