அப்பாவின் கண்சிமிட்டல்: குழந்தைக்கு எவ்வாறு விளக்குவது?

நம் முதலாம் ஆண்டு மாணவன் ஒருவன், “அப்பா, நாளை முதல் பள்ளி வாயிலுக்கு வராதீர்கள், சாலை முனையிலேயே நில்லுங்கள்” என்று தன் தந்தையிடம் கேட்டுக்கொண்டானாம். அத்தந்தையே இதனை நம்மிடம் வருத்தத்துடன் கூறினார். அவருடைய கண்கள் அடிக்கடி இறுகச் சிமிட்டும். தோளும் உடன் ஒருமுறை குலுங்கும். சிற்றுண்டிச்சாலையில் நண்பர்கள், “உன் அப்பா ஏன் எல்லாரையும் பார்த்துக் கண்ணடிக்கிறார்?” என்று கேட்டுச் சிரித்திருக்கின்றனர். மகனுக்கு விடை தெரியவில்லை. வீட்டில் கேட்டபொழுது, “பெரியவர்களைப் பற்றி அப்படிக் கேட்கலாகாது” என்று அவன் வாயை அடைத்துவிட்டனர். தான் செய்யும் குறும்பினால்தான் அப்பாவுக்கு இவ்வாறு ஆயிற்று என அச்சிறுவன் எண்ணியிருந்தான் என்பது பிறகே தெரிந்தது.

இத்தகைய துடிப்பினை மருத்துவர்கள் ‘டிக்’ என வழங்குவர். கண்சிமிட்டல், மூக்குச் சுளித்தல், தோள் குலுக்கல், தொண்டையைச் செருமுதல் முதலியன இதன் வகைகளாம். வேண்டிய அசைவுக்கு வழிவிட்டு, வேண்டாததைத் தடுக்கும் நரம்பணுத் தொகுதிகள் மூளையின் உட்பகுதியில் உள்ளன. அத்தடை தளரும்பொழுது அழையாத அசைவு வெளிப்பட்டுவிடுகிறது என்பது அறிஞர் கருத்து. பெரும்பாலோர்க்கு இது குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும், வளர வளரப் பலருக்குத் தணியும், சிலருக்குத் தொடரும். களைப்பும் கவலையும் பரபரப்பும் இதனை மிகுவிக்கும். உறக்கத்தில் இது பெரிதும் அடங்கும். ஒரே குடும்பத்தில் பலருக்கு அமைவதுண்டெனினும், இது தொற்றுநோய் அன்று. கண் துடிப்பதைக் கொண்டு நன்மை தீமை கணிக்கும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. அதற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

1755 ஆம் ஆண்டில் புகழ்பெற்ற ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சனுக்கும் இத்தகைய அசைவுகள் மிகுதியாக இருந்தன. சிறுமி ஒருத்தி, ஏன் இவ்வாறு செய்கிறீர்கள் என்று அவரையே கேட்டுவிட்டாள். தீய பழக்கமே காரணம் என்றும், அவள் அத்தகைய பழக்கங்களுக்கு இடங்கொடாமல் இருக்க வேண்டும் என்றும் அவர் கனிவுடன் விடை கூறியதாக வரலாறு. பேரறிஞராகிய அவரும் தம்மையே குறைகூறிக்கொண்டார்! அவர் மறைந்து ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், 1885 இல், ஜில் த லா துரெத் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இத்தகைய ஒன்பது பேரின் நிலையை ஆராய்ந்து எழுதினார். இது தீய பழக்கமன்று, நரம்பு மண்டலம் சார்ந்ததொரு நிலையே என்பது இன்று தெளிவு. ஆகவே, நம் குழந்தைகளுக்கு ஜான்சன் அளித்ததினும் சிறந்த விடையை நம்மால் அளிக்க இயலும்.

ஆறு வயதுக் குழந்தைக்கு மூளையின் கூறுகளை விளக்க வேண்டுவதில்லை. மூன்று செய்திகள் போதும்.

முதலாவது, இஃது அப்பா வேண்டுமென்று செய்வதன்று. குழந்தையைச் சிறிது நேரம் கண் இமைக்காமல் இருந்து பார்க்கச் சொல்லுங்கள். சற்றே அடக்கலாம், பின்னர் உள்ளிருந்து ஓர் உந்துதல் எழும், இறுதியில் இமைத்தே தீர வேண்டும். அப்பாவின் நிலையும் அத்தகையதே என்றால் குழந்தை உடனே விளங்கிக்கொள்ளும்.

இரண்டாவது, இஃது உன்னால் வந்ததன்று. குழந்தை கேளாவிடினும் இதனைச் சொல்லியாக வேண்டும். ஏனெனில், இவ்வச்சத்தைப் பல குழந்தைகள் வாய்விட்டுக் கூறுவதில்லை.

மூன்றாவது, இதனால் அப்பாவின் அன்போ அறிவோ குறைந்துவிடவில்லை.

இவற்றைத் துடிப்பு உடையவரே தம் வாயால், அமைதியான வேளையில் கூறுதல் நன்று. வீட்டார் அவரை, “நிறுத்துங்கள்” என்று அடிக்கடி சுட்டிக்காட்டுதல் கூடாது. சுட்டச் சுட்ட அது மிகுதலே இயல்பு. வகுப்பில் மாணவர் எவருக்கேனும் இந்நிலை இருப்பின், ஆசிரியர்களாகிய நாமும் அதனைக் குறும்பெனக் கருதித் தண்டித்தலாகாது. வளர்ந்தவர் ஒருவருக்குத் துடிப்புத் திடீரெனப் புதிதாய்த் தோன்றினாலும், முகத்தின் ஒரு பக்கம் மட்டும் இழுத்தாலும் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

அத்தந்தை அன்றிரவே மகனை அருகில் அமர்த்தி, “ஐயா, நான் உன் வயதில் இருந்தபொழுதே இது வந்துவிட்டது, அப்பொழுது நீ பிறக்கவே இல்லை” என்று தொடங்கி, யாவற்றையும் எடுத்துரைத்தார். இருவரும் கண் இமைக்காமல் இருக்கப் போட்டியிட்டனராம்; மகனே வென்றானாம்.

சில நாள் கழித்துச் சிற்றுண்டிச்சாலையில் அதே கேள்வி மீண்டும் எழுந்தது. “என் அப்பாவின் கண்ணுக்கு விக்கல், தானாக வரும், தானாகப் போகும்” என்றான் சிறுவன். நண்பர்கள், “அப்படியா?” என்று கேட்டுவிட்டு, எஞ்சிய நாசி லெமாக்கை உண்ணத் தொடங்கினர். இப்பொழுது அத்தந்தை பள்ளி வாயிலிலேயே மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறார்.

பெற்றோர்களே! குழந்தை கேட்கும் கேள்வி நமக்குக் கூச்சம் தருவதாயினும், வாயை அடைக்காமல் உண்மையை எளிய சொற்களில் கூறுவோமாக.