பளபளக்கும் தொட்டியில் மீன் ஏன் வாடுகிறது?

தங்கமீன் தொட்டியை மொத்தமாகக் காலி செய்தாயிற்று. கூழாங்கற்களைத் தேய்த்து, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து அலசி, புதுத் தண்ணீரும் நிரப்பியாயிற்று. கண்ணாடி பளபளக்கிறது. மீன் மட்டும் மறுநாள் மூலையில் சுருண்டு கிடக்கிறது. நன்றாகத்தானே கழுவினோம்?

வினையே அங்கேதான்!

மீன் தின்பது, கழிப்பது, மூச்சுவிடுவது எல்லாம் ஒரே தண்ணீரில். அதன் உடலில் உண்டாகும் அம்மோனியா பெரும்பாலும் செவுள் வழியாகத்தான் வெளியேறுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அம்மோனியா வரும். அது சிறிதளவு சேர்ந்தாலே செவுள் புண்ணாகிவிடும்.

ஆனால், தொட்டிக்குள் நம் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் உண்டு. ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை, அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டால் ஆபத்து மிகக் குறைவு. இந்த பாக்டீரியாக்கள் குடியிருப்பது ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கற்களிலும். குழாய்த் தண்ணீரின் குளோரின் பட்டால் செத்துப்போகும். புதுத் தொட்டியில் இவை போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகலாம். நாமோ ஒரே கழுவலில் அத்தனையையும் சாக்கடைக்கு அனுப்பிவிட்டோம்!

அதனால், வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். வெளியே எடுத்த தண்ணீரிலேயே பஞ்சை அலசுங்கள். குழாய்த் தண்ணீரை வாளியில் ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். சில ஊர்களில் குளோரினுக்குப் பதில் குளோரமின் கலப்பார்கள். அது அப்படிப் போகாது. அதற்கு மீன் கடையில் குளோரின் நீக்கி மருந்து கேளுங்கள்.

தீனியிலும் கவனம் வேண்டும். தங்கமீனுக்கு இரைப்பையே கிடையாது! விழுங்கியது நேராகக் குடலுக்குப் போகும். எப்போது பார்த்தாலும் பசிப்பதுபோல வாயைத் திறக்கும், ஏமாறாதீர்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும்.

மீனுக்கு உடம்பு சரியில்லை என்றால் வாயால் சொல்லாது, நடத்தையால் சொல்லும். மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் ஆக்சிஜன் போதவில்லை, அல்லது தண்ணீர் கெட்டிருக்கிறது. கோடையில் இது அடிக்கடி நடக்கும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது ஓர் ஒட்டுண்ணியின் வேலை. இரவில் அடியில் அசையாமல் நின்றால் பயப்படாதீர்கள், தூங்குகிறது! இமை இல்லாததால் கண் திறந்தே இருக்கும்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் தங்கமீன் பல ஆண்டுகள் வாழும். இங்கிலாந்தில் டிஷ் என்ற தங்கமீன் 43 வயதுவரை வாழ்ந்து, 1999இல் இறந்தது.

இன்றே ஒரு சோதனை செய்யலாமா? மீன் அமைதியாக இருக்கும்போது செவுள் மூடி ஒரு நிமிடத்தில் எத்தனை முறை திறக்கிறது என்று எண்ணுங்கள். தினமும் ஒரே நேரத்தில் எண்ணி, தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். எண்ணிக்கை திடீரென்று எகிறினால் மருந்தைத் தேடி ஓடாதீர்கள். முதலில் தண்ணீரைக் கவனியுங்கள்.